கையைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு தடவை

கிடங்கில் அவருக்குக் கிரேன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதை வாய்விட்டுக் கூப்பிட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. வயது ஐம்பத்தெட்டு. வாசற்கால் நிறைய அடைக்கிற தோள். பிடரியில் நாற்பது வருஷமாக மூட்டை உட்கார்ந்து உட்கார்ந்து காய்த்துப்போன ஒரு மேடு. மற்ற ஆம்பிளைகள் மீசையைத் தடவிக்கொண்டு பேசுவார்கள் என்றால் இவர் அந்த மேட்டைத் தடவிக்கொண்டு பேசுவார்.

பேச்சில் முக்கால்வாசி அடுத்தவனை மட்டம் தட்டுவதுதான். கிடங்குக்கு எதிர்த்தாற்போல் கண்ணாடிச் சுவர் வைத்து ஓர் உடற்பயிற்சிக்கூடம் திறந்திருந்தார்கள். தேநீர் இடைவேளையில் அதைப் பார்த்து நின்று சிரிப்பது அவருடைய பொழுதுபோக்கு. எடைக் குமாஸ்தா வேலை விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போவான். மறுநாள் காலையில் அவனை வழிமறித்து எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்பார்.

"இரும்பத் தூக்கி, தூக்கின எடத்துலயே வைக்கிறீங்களாமே. இத்தன நாள்ல ஒரு லாரியாவது ரொம்புச்சா?"

குமாஸ்தா சிரித்துவிட்டுப் போய்விடுவான். சிரிக்காமல் போனால் அடுத்த நாளும் கேட்பார்.

அந்தக் கிடங்கில் ஒரு முறை இருந்தது. சுமப்பவர்கள் குனிவதில்லை. மூட்டை தரையில் கிடக்கும். ஏற்றிவிடுபவர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக மூட்டையின் மூலைக் காதைப் பிடித்து, முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்து, ஒரே வீச்சில் சுமப்பவரின் பிடரியில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். சுமப்பவர் லேசாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தால் போதும். அப்புறம் நேராக நடக்க வேண்டியது. லாரியின் தளமும் கிடங்கின் மேடையும் ஒரே மட்டம். அந்தப் பக்கம் போய்த் தோளை ஒருக்களித்தால் மூட்டை தானாக விழும். நாள் முழுக்க நிமிர்ந்த முதுகு. ராஜநடை.

ஆகையால் சுமப்பவர்கள் என்றால் அங்கே ஒரு படி மேல். ஏற்றிவிடுபவர்கள் அவர்களுக்கு முன்னால் பீடி பற்றவைக்க மாட்டார்கள். கிரேனுக்கு இருபத்திரண்டு வருஷமாக மூட்டை ஏற்றியவனை ஆப்பு என்று கூப்பிடுவார்கள். குள்ளமான, நெஞ்சு தட்டையான ஆள். கனமான எதற்கும் அடியில் சொருகி வைக்கத் தோதான உருவம். வயதில் கிரேனுக்கு ஒரு வருஷம்தான் இளையவன். ஆனாலும் அண்ணே என்பான். கிரேன் அவனை டேய் என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. மூட்டை ஏற அரை நொடி தாமதமானால் போதும்.

"என்னடா, ஏத்துறியா, இல்ல அதுக்குத் தாலாட்டு பாடுறியா?"

இதையே இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி தானே முதலில் சிரிப்பார்.

இப்படி இருக்கையில் வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஐம்பத்தைந்து தாண்டிய எல்லாருக்கும் உடல்திறன் சோதனை. காப்பீட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம். தேறாதவர்கள் ஒட்டு மேசைக்குப் போக வேண்டும். மூன்று மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு. அதிலும் தேறாவிட்டால் ஒட்டு மேசையே நிரந்தரம்.

ஒட்டு மேசை என்பது கிடங்கின் மூலையில் மின்விசிறிக்கு அடியில் கிடக்கிற ஒரு நீள மேசை. பெட்டிகளின் மேல் முகவரிச் சீட்டு ஒட்டுகிற வேலை. கை உடைந்தவர்களும், வயிற்றில் பிள்ளை இருப்பவர்களும், மேலாளரின் தூரத்து உறவுக்காரர்களும் உட்கார்கிற இடம். கிரேன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "தாய்மாருங்க சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். தாளைப் படித்துக் காட்டியவன், சோதிக்க ஒரு பிசியோதெரபிப் பெண் வருகிறாள் என்றதும், அவளை நினைத்து இப்போதே பாவமாக இருக்கிறது என்றார்.

முதலுதவி அறையில் சோதனை. பிசியோ பெண் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். அவள் எடை கிரேனின் ஒரு மூட்டைக்குக்கூடக் காணாது. முதலில் கைப்பிடி. ஒரு கருவியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னாள். அழுத்தினார். அவள் எண்ணைப் பார்த்தாள், கருவியைத் திருப்பிப் பார்த்தாள், இன்னொரு தடவை அழுத்தச் சொன்னாள். கிரேன் கதவு வழியாக வெளியே வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக் கண் அடித்தார்.

அடுத்தது நாற்காலி. கையில்லாத சாதாரண மர நாற்காலி, சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தது.

"கைய நெஞ்சுல கட்டிக்குங்க. முழுசா எந்திரிக்கணும், முழுசா உக்காரணும். முப்பது செகண்டு. பன்னெண்டு வந்தாப் போதும்."

"இதுக்கா கூப்பிட்டீங்க" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

முதல் தடவை எழுந்தார். இரண்டாவது தடவையும் எழுந்தார், ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு. மூன்றாவது தடவை நெஞ்சில் கட்டியிருந்த வலது கை, யாரும் கேட்காமலே அவிழ்ந்து இறங்கி முட்டியை ஊன்றிக்கொண்டது. கை வந்துவிட்டது, அது சேராது என்றாள் அவள். கையைத் திரும்பக் கட்டினார். உடம்பை முன்னால் வீசினார். பின்பக்கம் நாற்காலியைவிட்டு ஒரு சாண் கிளம்பியது, யோசித்தது, திரும்பப் போய் உட்கார்ந்துவிட்டது. நாற்காலி சுவரில் இடித்துச் சத்தம் போட்டது. வெளியே யாரோ இருமினார்கள், சிரிப்பை அப்படி மாற்றினார்கள்.

முப்பது நொடியில் ஐந்து.

நாற்காலி பள்ளமாக இருக்கிறது என்றார். வேறு நாற்காலி வந்தது. அதில் நான்கு. தரை வழுக்குகிறது என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னாள்.

அன்றைக்குச் சுமப்பவர்களில் ஐம்பத்தைந்து தாண்டிய ஏழு பேரில் ஐந்து பேர் கவிழ்ந்தார்கள். ஏற்றிவிடுபவர்களில் ஒருவர்கூடக் கவிழவில்லை. ஆப்பு பத்தொன்பது தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டு, "போதுங்களா?" என்று கேட்டானாம். தப்பு செய்துவிட்டவன் மாதிரி கேட்டானாம். அதுதான் கிரேனுக்கு வயிற்றெரிச்சல்.

பிசியோ பெண் கவிழ்ந்த ஐந்து பேரையும் உட்கார வைத்து விளக்கினாள். நாற்பது வயதுக்கு மேல் எல்லாருக்கும் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதிலும் சட்டென்று உடம்பைக் கிளப்புகிற வேகமான இழைகள்தான் முதலில் போகும். எந்த வேலைக்குத் தசையைக் கூப்பிடுகிறோமோ அந்த வேலைக்குத்தான் அது வரும். நாற்பது வருஷம் பாரத்தைத் தாங்கினீர்கள், சரி. ஆனால் தாழ்விலிருந்து ஒரு நாளும் எழவில்லை. தொடை அதை மறந்துபோய்விட்டது.

"மொத்த ஊருக்கும் மூட்ட தூக்கினவன் நான். எனக்கு எக்ஸர்சைஸா?" என்றார் கிரேன்.

"நீங்க தூக்கலங்க. தூக்கி வச்சதச் சுமந்தீங்க" என்றாள் அவள். நக்கலாகச் சொல்லவில்லை, எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். அதுதான் உறைத்தது.

ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளைக்கு எட்டு எட்டாக மூன்று முறை நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும். முடியாவிட்டால் நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். பழகப் பழகத் தலையணையை எடுத்துவிட வேண்டும். நடுவில் ஒரு நாள் ஓய்வு கட்டாயம். முட்டை, பருப்பு, பால் கூட்டிக்கொள்ள வேண்டும். எண்பது வயதிலும் தசை திரும்பும் என்றாள். கிரேன் தாளை நான்காக மடித்துக் காதில் செருகிக்கொண்டு ஒட்டு மேசைக்குப் போனார்.

ஒட்டு மேசையில் அவருக்கு வரவேற்பு பலமாக இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் நகர்ந்து இடம் கொடுத்து, "வாங்க, சௌக்கியமா?" என்றாள். சீட்டு அவருடைய விரலில் ஒட்டியது, பெட்டியில் ஒட்டவில்லை. தேநீருக்கு எழும்போது மேசையை ஊன்றினார். மேசை ஆடி எல்லார் சீட்டும் கோணலாக ஒட்டியது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் தன்னைக் கவனித்தார். எதிலிருந்து எழுந்தாலும் கை முந்திக்கொள்கிறது. மேசை, முட்டி, அடுத்தவன் தோள், எது கிடைத்தாலும்.

கண்ணாடிக்கூடத்துக்குப் போகிற எடைக் குமாஸ்தா வழியில் நின்று, "அண்ணே, இன்னிக்கி எத்தன லாரி ரொம்புச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மூன்று மாதமாம். கிரேன் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு இருபத்துநான்கு, வாரத்துக்கு எழுபத்திரண்டு, மூன்று மாதத்துக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம். இதை எதற்கு மூன்று மாதம் இழுக்க வேண்டும்? நாற்பது வருஷத்தில் அவர் கற்ற ஒரே பாடம், சுமையை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பது. மூன்று நாள் சுமையை ஒரே நாளில் இறக்கிக் கங்காணியை வாய் பிளக்க வைத்த ஆள். தசையும் ஒரு லாரிதானே, ஏற்றிவிட்டால் போயிற்று என்று நினைத்தார். ஓய்வு நாள் என்பதெல்லாம் கண்ணாடிக்கூடத்து ஆட்களுக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கினார். இரண்டு தலையணை போட்டு, வாசற்கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முந்நூறு. சனிக்கிழமை, எரிகிற தொடையோடு, முந்நூற்றைம்பது. மனைவி வேலையிலிருந்து வந்து பார்த்தாள். போதுங்க என்றாள். "ஒனக்கு என்ன தெரியும், தொடப்பக்கட்டயத் தவிர?" என்றார். ஞாயிற்றுக்கிழமை இருநூறைத் தாண்டியபோது தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. திங்கட்கிழமை காலை கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. சிறுநீர் பால் விடாத தேநீர் நிறத்தில் போயிற்று.

மருத்துவமனையில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தசையை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறார், உடைந்தது சிறுநீரகத்தை அடைக்காமல் போனது அதிர்ஷ்டம் என்று டாக்டர் சொன்னார். பிறகு வீட்டில் எட்டு நாள் படுக்கை. அந்த எட்டு நாளில் காலில் இருந்த மிச்சமும் கரைந்தது. வலிக்கிறதா என்று தொட்டுப் பார்த்தபோது, தொடை அவருடைய கைக்கே வேறு யாருடையதோ மாதிரி தொளதொளவென்று இருந்தது. தாளில் எழுதியிருந்த ஓய்வைக் கட்டிலில் படுத்துத் தீர்த்தார்.

அவருடைய மனைவி ஒரு வங்கியில் தரை துடைக்கிறாள். முப்பது வருஷமாக அதே வேலை. நீளக் கம்பு வைத்த துடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதில் மூலை போகாது என்று அவள் குந்தி உட்கார்ந்து கையால்தான் துடைப்பாள். ஒரு மேசைக்கு அடியில் குந்தி, எழுந்து, வாளியை நகர்த்தி, அடுத்த மேசைக்கு அடியில் குந்தி. கிரேன் அதை வேலை என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. துணி நனைக்கிற உத்தியோகம் என்பார். உறவுக்காரர்கள் முன்னாலும் சொல்வார்.

படுக்கையில் கிடந்த ஒன்பதாம் நாள், அவள் நாற்காலியைக் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரில் சுவரோரமாகப் போட்டாள். தலையணை இல்லை.

"அந்தப் பொண்ணு சொன்னது எப்படி? கையக் கட்டணுமா?"

"நீ எதுக்குடி..."

"கடிகாரத்தப் பாருங்க."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். சின்ன மகள் ஃபோன் செய்ததையும், மருமகனுக்குப் பல்வலி என்பதையும் சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். பேச்சில் ஒரு சொல்கூட மூச்சுக்காக நிற்கவில்லை. கிரேன் கடிகாரத்தைப் பார்த்தார், அவளுடைய கால்களைப் பார்த்தார், திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது நொடி ஆனதைச் சொல்ல மறந்துபோனார்.

"எத்தன?" என்றாள்.

"பதினேழோ பதினெட்டோ."

"அம்பத்தாறு வயசு எனக்கு. துணி நனைக்கிறவ." அடுப்பில் பால் பொங்கியது, போய்விட்டாள். போகிற போக்கில், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரைக் கண்ணால் காட்டினாள். "ரெண்டு வருஷமா அத நாந்தான் தேய்க்கிறேன்."

சுவரில், படுத்திருப்பவர் எழுந்தால் கை போகிற உயரத்தில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அழுக்குப் படிந்து கறுத்திருந்தது. எட்டு நாளாக அதற்குப் பக்கத்தில்தான் படுத்துக் கிடந்தார். குளியலறைக் கதவிலும் அதே உயரத்தில் ஒன்று இருந்தது. எல்லாம் அவருடைய கைதான்.

அதற்கப்புறம் அவர் தாளை விரித்தார். தலையணை மூன்று. எட்டு, எட்டு, எட்டு. எட்டுக்கு மேல் ஒன்று கூடினால் மனைவி அடுக்களையிலிருந்தே "ம்" என்பாள், நின்றுவிடுவார். திங்கள், புதன், வெள்ளி. காலையில் இரண்டு முட்டை, முகத்தைச் சுளித்துக்கொண்டு. முதல் மாதம் தொடை ஒரு விரற்கடை பருக்கவில்லை, ஆனால் ஒரு தலையணை போயிற்று. பிசியோ பெண்ணிடம் கேட்டபோது, முதலில் திரும்புவது தசை இல்லை, மூளைதான் தசையைக் கூப்பிடப் பழகுகிறது என்றாள். மூளைக்கே இத்தனை நாள் ஆகிறதென்றால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே ஆகும் என்று பக்கத்தில் நின்ற குமாஸ்தா சேர்த்துக்கொண்டான். கிரேன் கேட்டுக்கொண்டார். வேறு வழி இல்லை.

இரண்டாம் மாதம் இன்னொரு தலையணை போயிற்று. மூன்றாம் மாதம் பாதியில் வெறும் நாற்காலி. பிறகு இரண்டு கையிலும் அணைத்த ஐந்து கிலோ மாவுப் பை. சுவரில் இருந்த கறையை மனைவி ஒரு நாள் தேய்த்துவிட்டாள். அது திரும்ப வரவில்லை.

கவிழ்ந்த மற்ற நான்கு பேரும் அந்தத் தாளைத் தொடவில்லை. ஒட்டு மேசையில் வரிசையாக உட்கார்ந்து, தாங்கள் ஒரு காலத்தில் எத்தனை கிலோ சுமந்தோம் என்று ஒருவருக்கொருவர் கூட்டிக்கொண்டே போனார்கள். முதல் வாரம் நூறு கிலோவாக இருந்த மூட்டை மூன்றாம் மாதம் நூற்றைம்பதாகிவிட்டது.

இரண்டாவது சோதனை அன்றைக்குக் கிரேன் யாரையும் பார்த்துக் கண் அடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டார். எட்டு வரைக்கும் பிசகில்லை. ஒன்பதில் மூச்சு இரைத்தது. பத்தில் வலது கை நெஞ்சில் துடித்தது. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், திருடனைப் பிடிக்கிற மாதிரி. பன்னிரண்டு. இன்னும் நேரம் இருந்தது. பதின்மூன்றாவதும் எழுந்து, நின்றே இருந்தார்.

பிசியோ பெண் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தாளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனார்.

மேலாளர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். மூன்று மாதம் சுமப்பவர் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியுமா? தேறியவர்களை மேலே ஏற்றியாயிற்று. இப்போது ஆள் இல்லாதது கீழேதான், ஏற்றிவிடுகிற இடத்தில். வேண்டுமானால் அது. இல்லையென்றால் ஒட்டு மேசை இருக்கவே இருக்கிறது, விசிறிக்காற்று, தேறியிருந்தாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

கிரேனுடைய கை பிடரிக்குப் போனது. மேடு அங்கேயே இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒட்டு மேசையில் நான்கு தலைகள் குனிந்து சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கூடப் பிரசவத்துக்கு விடுப்பு எடுத்துப் போய்விட்டாள். அவர்கள் மட்டும் அங்கேயே இருந்தார்கள்.

"ஏத்துறேன்" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்குப் பதின்மூன்றாவது தடவையைவிட அதிக நேரம் பிடித்தது.

மறுநாள் காலை மூட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். மறுமுனைக்கு இருந்தவன் அவரைப் பார்த்துவிட்டு, அவசரமாகப் பீடியை அணைத்தான். பிறகு யோசித்து, திரும்பப் பற்றவைத்துக்கொண்டான். சுமப்பவர்கள் வரிசையாக வந்தார்கள். நாலாவது ஆள் ஆப்பு. பிடரியைச் சாய்த்துக் கொடுத்தான். தட்டையான, இன்னும் காய்க்காத, வெயில்கூடச் சரியாகப் படாத பிடரி.

கிரேன் முட்டியை மடக்கிக் குந்தினார். மூட்டையின் காதைப் பிடித்தார். நாற்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு மூட்டை தரையில் எவ்வளவு தாழ்வாகக் கிடக்கிறது என்று தெரிந்தது. அரை நொடி தாமதமாயிற்று.

மேலிருந்து குரல் வந்தது.

"என்னண்ணே, ஏத்துறீங்களா, இல்ல அதுக்குத் தாலாட்டு பாடுறீங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. மறுமுனைக்காரன் பீடிப் புகையோடு சிரித்தான். கிரேன் மூச்சைப் பிடிக்காமல், கையை ஊன்றாமல், தொடையால் எழுந்தார். மூட்டை போய்ப் பிடரியில் உட்கார்ந்தது. கொஞ்சம் வேகமாகவே உட்கார்ந்தது. ஆப்பு ஒரு அடி தள்ளாடிச் சமாளித்துக்கொண்டான்.

பிறகு நிமிர்ந்து நடந்தான். நல்ல நடைதான். மேடையில் போய்த் தோளை ஒருக்களித்து மூட்டையை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தான். இப்படியே போனால் சில வருஷத்தில் இவனும் அந்த நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து மூச்சைப் பிடிப்பான் என்று கிரேனுக்குத் தெரியும். சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார்.

வருகிற வழியிலேயே ஆப்பு பிடரியைத் தடவிக்கொண்டு வந்தான். கிரேன் வாயை மூடிக்கொண்டு அடுத்த மூட்டைக்குக் குந்தினார்.